தாயுமானவர் சன்னதியில் நீங்கள் உட்காரவில்லை

வாசகி கேள்வி:

எனக்கு 47 வயது. திருச்சியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். உயரம் 156 செ.மீ. பொங்கலுக்கு முன்பு ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. "சுகர் பார்டர்ல இருக்கு. இப்ப மாத்திரை வேண்டாம், நடங்க" என்றார் டாக்டர். பொங்கல் முடிந்ததும் ஆரம்பித்து, வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறேன். முதல் வாரம் பார்க்கில் இரண்டு சுற்றுக்கே மூச்சு வாங்கியது. இப்போது 40 நிமிடம் நடக்கிறேன். காலையில் நான் கிளம்பிவிடுவதால் என் மகள்தான் டிபன் பாக்ஸ் கட்டுகிறாள். நான்கு மாதம் ஆகிவிட்டது. 71 கிலோ இருந்தேன், இப்போது 69.6. தினமும் பார்க்கிறேன், சில நாள் 70-ஐத் தாண்டிவிடுகிறது. போன வாரம் கொழுந்தனார் வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. விசேஷம் முடிந்து எல்லோருமாக மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் போனோம். போன வருடம் போனபோது தாயுமானவர் சன்னதியில் கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் மேலே போனேன். இந்த முறை குழந்தை அழுததால் அவனைத் தூக்கிக்கொண்டு நேராக ஏறிவிட்டேன். இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது என் நாத்தனார், "நாலு மாசமா நடக்கிறேன் நடக்கிறேங்கிற, ஆள் அப்படியேதானே இருக்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். "சின்னச் சின்ன மாற்றத்தைக் கவனிச்சு சந்தோஷப்படும்மா" என்கிறாள் மகள். ஒன்றரைக் கிலோவுக்குச் சந்தோஷப்படுவது என்னை நானே ஏமாற்றிக்கொள்வது இல்லையா? திருவண்ணாமலை கிரிவலம் போக வேண்டும் என்று பல வருட ஆசை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு அதெல்லாம் ஆகாது என்று இப்போது தோன்றுகிறது. நடப்பதையே விட்டுவிடலாமா?

இயன்முறை மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

எடையைப் பற்றி மூன்று எண்களை, புள்ளி வைத்துச் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். மலைக்கோட்டை ஏறியதையோ நாத்தனார் பேச்சுக்கு முன்கதையாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். அதிலும் உட்காராமல் ஏறியதற்குக் குழந்தையின் அழுகையைக் காரணம் காட்டுகிறீர்கள். குழந்தை அழுதால் அவசரம் வரும், மூச்சு வராது. போன வருடம் கைவீசி வந்தபோதே பாதி வழியில் உங்களை உட்காரவைத்த படிகள் அவை. இந்த வருடம் இடுப்பில் ஒரு குழந்தையோடு, நிற்காமல் ஏறியிருக்கிறீர்கள். என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் அவருடைய கோப்பில் அன்று முதல் வரியாக இதைத்தான் எழுதியிருப்பேன்.

படி ஏறுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சமதளத்தில் நடப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உழைப்பு அது. உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கத் தொடங்கியதே படிகளால்தான். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாள் முழுவதும் இருக்கையில் இருந்த டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே ஊர், ஒரே புகை. வித்தியாசம் முக்கியமாக உழைப்பில்தான் என்று அவர் கண்டார்.

இந்த நான்கு மாதத்தில் உங்கள் உடம்புக்குள் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். நடக்கத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் அதிக ரத்தத்தை வெளியே தள்ளும். ஒரு துடிப்பில் அதிகம் தள்ள முடிந்தால் அதே வேலைக்குக் குறைந்த துடிப்பு போதும். பார்க்கில் மூச்சு வாங்குவது குறைந்ததற்கு இது ஒரு காரணம். அடுத்தடுத்த வாரங்களில் தொடையிலும் கெண்டைக்காலிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் புதிதாகக் கிளைவிடும். தசைச் செல்லுக்குள் சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகும். மூளையிலிருந்து தசைக்குப் போகும் நரம்புகள் தங்கள் வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்யப் பழகும். தசை பருக்காமலே கால் பலப்படுவது இதனால்தான். இவற்றில் ஒன்றுகூட எடை மெஷினில் தெரியாது. போட்டோவில் தெரியாது. பந்தியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் தெரியாது. படியில்தான் தெரியும், தெரிந்தும்விட்டது.

அடுத்து அந்த ஒன்றரைக் கிலோ. நீங்கள் கணக்குப் பார்ப்பவர், கணக்காகவே சொல்கிறேன். 70 கிலோ உள்ள ஒருவர் மிதமான வேகத்தில் 40 நிமிடம் நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. வாரம் ஐந்து நாள் வீதம் 17 வாரத்துக்கு 85 நடை. 85-ஐ 150-ஆல் பெருக்கினால் 12,750 கலோரி. அதை 7,700-ஆல் வகுத்தால் சுமார் 1.66 கிலோ. ஆரம்ப வாரங்களில் 40 நிமிடம் நடந்திருக்க மாட்டீர்கள்; அதைக் கழித்தால் உங்கள் மெஷின் காட்டும் 1.4-க்கு அருகில் வந்துவிடும். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, பெரிதாக மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நடையால் மட்டும் எவ்வளவு குறையுமோ அவ்வளவும் குறைந்திருக்கிறது, ஒரு பைசா பாக்கியில்லாமல். மாதத்துக்கு ஐந்து கிலோ குறைக்கிறோம் என்று போர்டு வைப்பவர்கள் இந்தக் கணக்கை யாருக்கும் சொல்வதில்லை. அது எனக்குக் கோபத்தை உண்டாக்கும் விஷயம். அந்த போர்டைப் பார்த்துவிட்டு, நன்றாக முன்னேறிக்கொண்டிருப்பவர்கள் தோற்றுவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, டாக்டர் உங்களை நடக்கச் சொன்னது எதற்காக? சுகருக்காக. இதில் நம் ஊரிலிருந்தே கிடைத்த ஒரு நல்ல சான்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளிவந்தது. உங்களைப்போல் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் இருந்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் மூன்று ஆண்டுக்குள் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரமாவது நடந்து, சீனியையும் மாவுப் பண்டங்களையும் குறைத்துக்கொண்ட பிரிவில் அது 100-க்கு 39 ஆக இருந்தது. இதில் நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பிரிவினருக்குக் குறிப்பிடும்படியாக எடை குறையவில்லை. எடை பெரிதாக இறங்காமலேயே நோயின் அபாயம் இறங்கியது.

எப்படி? கால் தசை சுருங்கி விரியும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இன்சுலினுக்குக் காத்திராமல் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரைக்கும் இன்சுலின் சற்று நன்றாக வேலை செய்யும். அதனால்தான் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடாதீர்கள் என்று சொல்கிறோம். நீங்கள் ஐந்து நாள் நடப்பது நல்லது. ஓய்வு நாள் இரண்டையும் அடுத்தடுத்து வைக்காமல் பிரித்து வையுங்கள்.

ஹெச்பிஏ1சியை மறுபடி பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. எனவே அது சுமார் மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும். நீங்கள் நடக்க ஆரம்பித்து நான்கு மாதம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு இந்த மாதமே பாருங்கள். 5.7-க்குக் கீழே வந்தால்தான் சாதாரண அளவு. ஒரேயடியாக அங்கே வர வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 6.1-இலேயே நின்றிருந்தாலும், ஏறாமல் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். இந்த வயதில், விளிம்பில் இருப்பவர்களுக்கு ஏறுவதுதான் வழக்கம்.

தினமும் எடை பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரே ஆளின் எடை ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் ஒரு கிலோ, ஏன், அதற்கு மேலும் ஏறி இறங்கும். முந்தைய இரவு அப்பளமும் ஊறுகாயும் சேர்த்துச் சாப்பிட்டால் அந்த உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாதவிடாய்க்கு முன் நீர் தேங்கும். 47 வயதில் அந்தச் சுழற்சியே முன்னே பின்னே ஆகும். தசையில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் சர்க்கரையோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் 70-ஐத் தாண்டிவிட்டதென்று கலங்கிய காலைகளில் மெஷின் காட்டியது பெரும்பாலும் தண்ணீரை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே கிழமை, காலைக்கடன் முடித்து காபிக்கு முன்னால் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும்.

உங்கள் மகள் சொல்வது சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரிதான். ஆனால் எந்தச் சின்ன மாற்றம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இல்லையென்றால் நீங்கள் பயப்படுகிற மாதிரி அது ஏமாற்றிக்கொள்வதில் போய் முடியலாம். சட்டை நனைய வியர்ப்பது முன்னேற்றத்தின் அடையாளம் இல்லை. திருச்சி மே மாதத்தில் சும்மா நின்றாலே வியர்க்கும். மறுநாள் உடம்பு வலிப்பதும் அடையாளம் இல்லை. பழக்கமில்லாத வேலை செய்தால் வலிக்கும், அவ்வளவுதான். கைக்கடிகாரம் 10,000 அடி ஆகிவிட்டதென்று அதிர்ந்து பாராட்டும். அந்த 10,000 என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்த எல்லை இல்லை. அதைத் தொடாத நாளில் மனம் சோரவும் வேண்டாம். பாதத்தை வைத்தால் கொழுப்பு இத்தனை சதவீதம் என்று சொல்லும் வீட்டு மெஷின்களையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒரு பதில், குடிக்காமல் ஏறினால் ஒரு பதில் சொல்லும்.

நான் ஏற்றுக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். முன்பு செய்த அதே வேலை, இப்போது குறைந்த சிரமத்தில் முடிகிறதா? அல்லது அதே சிரமத்தில் முன்பைவிடக் கூடுதல் வேலை முடிகிறதா? ஆம் என்றால் அது உண்மையான மாற்றம், எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

அப்படிப்பட்டவற்றை உங்கள் நாளுக்குள்ளேயே தேடுங்கள். டவுன் பஸ்ஸின் முதல் படியில் ஏற, கம்பியை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்ததா? இப்போது? கோயிலில் தரையில் உட்கார்ந்து எழும்போது கை ஊன்றாமல் எழ முடிகிறதா, ஒரு கை போதுமா, இரண்டு கையும் வேண்டுமா? தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்க யாரையாவது கூப்பிடுவீர்களா, நீங்களே செய்துவிடுகிறீர்களா? மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தவுடன் போன் வந்தால் மூச்சிரைக்காமல் பேச முடிகிறதா? பள்ளி முடிந்து சாயங்காலம் வரும்போது சோபாவில் விழத் தோன்றுகிறதா, கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கிறதா? இரவில் படுத்தவுடன் தூக்கம் வருகிறதா? குறட்டை குறைந்திருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். அதை நீங்களே கண்டுபிடிக்க முடியாது. பழைய ரவிக்கை ஒன்றை எடுத்துக் கொக்கி மாட்டிப் பாருங்கள். தையல்காரர் அளவு எடுக்கும்போது என்ன சொல்கிறார் என்று காது கொடுங்கள். நாடாவை வைத்து அளந்த பிறகு பேசுகிறவர் அவர்.

இவற்றோடு சில எண்களும் இருக்கட்டும், கணக்கு எழுதுகிற கைக்கு எண் இருந்தால்தான் நிறைவு. ஒரு பழைய நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம். காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணிச் சராசரி எடுங்கள். இதயம் பழகப் பழக இது மெல்ல இறங்கும். ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த அளவு சரியாக வராது. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. அடுத்தது நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். மகள் நேரம் பார்க்கட்டும். முட்டி வலித்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு இடுப்புச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. அதற்கு மேலே எவ்வளவு இருந்தாலும், ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் எழுதுங்கள். எடை நகராத மாதத்திலும் இது நகரும். கடைசியாக, பார்க்கில் குறிப்பிட்ட ஐந்து சுற்றுக்கு ஆகும் நேரம். இது ஒன்றைக் கத்திரி வெயில் முடிந்த பிறகு ஆரம்பியுங்கள். வெக்கையில் அதே நடைக்கு இதயம் அதிகம் துடிக்கும். உடம்பு பின்னால் போய்விட்டதென்று தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில், மேலே தேதி போட்டு, "மலைக்கோட்டை, குழந்தையுடன், உட்காராமல்" என்று எழுதிவையுங்கள்.

கொண்டாடுவது பற்றி. நம் வீடுகளில் சந்தோஷம் என்றால் உடனே ஸ்வீட் பாக்ஸ் வந்துவிடும். பார்க் வாசலில் நடை முடிந்தவுடன் வடையும் டீயும் சாப்பிடுகிறவர்களையும் பார்க்கிறோம். அது வேண்டாம். உங்களைப்போல் விடியற்காலையில் எழுந்து, வீட்டையும் பார்த்து, வேலைக்கும் போகிறவர்களுக்கு நான் சொல்லும் கொண்டாட்டம், ஒரு வேளை சமையலுக்கு விடுமுறை. நாற்காலிச் சோதனையில் இரண்டு எண்ணிக்கை கூடினால் அன்று இரவு அடுப்படிப் பக்கம் போகாதீர்கள், இருக்கிறவர்கள் செய்யட்டும். நான்கு மாதம் தாக்குப்பிடித்ததற்கு ஒரு நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில், குதிகால் பிடிக்கும்படி, முன்னால் ஒரு விரல் இடம் இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கை விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகளைச் சுற்றி நடங்கள், மகளையும் அழைத்துக்கொண்டு. நோட்டை அவளிடம் காட்டுங்கள். இந்த நான்கு மாதத்தில் தினமும் காலையில் டிபன் பாக்ஸைக் கட்டி உங்களுக்கு அந்த 40 நிமிடத்தைக் கொடுத்தவள் அவள். ஏறிய படிகளில் அவளுக்கும் பங்கு இருக்கிறது. எதையும் ஆற விடாமல் அன்றைக்கே கொண்டாடுங்கள். சனிக்கிழமை நடந்ததற்கு மாதக் கடைசியில் மகிழ்ந்தால் மனம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாது.

நாத்தனாரிடம் நிரூபிக்க எதுவும் இல்லை. விசேஷ வீடுகளில் நம் பேச்சே "இளைச்சுட்டியே", "ஊதிட்டியே" என்று உடம்பிலிருந்துதான் தொடங்குகிறது. அன்பாகச் சொல்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், குத்திப் பேசுகிறவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். கேட்பவர்களுக்கு வலிப்பது ஒன்றுபோலத்தான். அடுத்த முறை, "சுகருக்காக நடக்கிறேன், நல்லா இருக்கேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு இலையைப் பாருங்கள். உங்கள் நோட்டை அவரிடம் காட்ட வேண்டாம். வளர்ந்துகொண்டிருக்கும் ஒன்றை, மதிக்கத் தெரிந்த ஓரிருவருக்கு மட்டும் காட்டினால் போதும்.

இனி என்ன செய்வது என்பதையும் இந்த அறிகுறிகளே சொல்லும். அவற்றைக் கவனிக்கச் சொல்வதற்கு எனக்கு இதுவே முக்கியமான காரணம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். முதல் வாரம் உங்களால் பேசவே முடிந்திருக்காது. இன்று பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் முன்னேற்றம். ஒரு பாட்டை முழுதாகப் பாடிக்கொண்டே நடக்க முடிகிறதென்றால், அன்றைக்குச் சந்தோஷப்பட்டுவிட்டு மறுநாளிலிருந்து வேகத்தைக் கூட்ட வேண்டும். நடுவில் மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் சாதாரணமாக என்று மாற்றி மாற்றி நடந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும். நீங்கள் ஏற்கெனவே 200 நிமிடத்தில் இருக்கிறீர்கள். அதே வழிகாட்டுதல் வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் கேட்கிறது. அது உங்களிடம் இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டிப் பெண்களுக்குத் தசை கரைவது வேகமெடுக்கும். சர்க்கரையை இழுத்துக்கொள்ள வேண்டியதும் அந்தத் தசைதான். செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொண்டு, நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நுனிக்காலில் நின்று இறங்குவது, ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக இரண்டு தடவை செய்யுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது.

முதல் நான்கு மாதத்தில் வந்த வேகத்தில் அடுத்த நான்கு மாதம் வராது. உடம்பு புதிதாகப் பழகும்போதுதான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்படி வேகமாக வரும். பிறகு நோட்டில் ஒரு மாதம் எதுவுமே மாறாமல் இருக்கலாம். பள்ளி அட்மிஷன் நெருக்கடியிலோ காய்ச்சலிலோ இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகவும் கூடும். அப்போது மூச்சு கொஞ்சம் பின்வாங்கும். திரும்பத் தொடங்கினால், முதன்முதலில் ஆன காலத்தைவிடச் சீக்கிரம் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நடக்கும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி, குமட்டல் இவற்றில் எது வந்தாலும் உடனே நின்றுவிட வேண்டும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெண்களுக்கு மாரடைப்பு வாயுத் தொல்லை போலவோ வெறும் அசதி போலவோ வரலாம். முட்டி வீங்கினாலும் நடையை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

இனி கிரிவலம். ஆகும். பாதை 14 கிலோமீட்டர். உங்கள் இப்போதைய வேகத்தில் நடை மட்டும் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். எட்டு லிங்கங்களிலும் நின்று கும்பிட்டுப் போனால் நான்கைந்து மணி நேரம். ஐந்து நாள் நடையில் ஒன்றை, ஞாயிற்றுக்கிழமை நடையை, நீள நடையாக மாற்றுங்கள். 50 நிமிடத்தில் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஐந்து மாதத்தில் இரண்டரை மணி நேரத்துக்கு வந்துவிடுவீர்கள். அவ்வளவு நடக்கிறவருக்கு 14 கிலோமீட்டர் எட்டாத தூரம் இல்லை. கார்த்திகை தீபத்துக்கு முதல் தடவையாகப் போக வேண்டாம், அந்தக் கூட்டத்தில் உங்கள் வேகத்தில் நடக்க முடியாது. ஐப்பசியில், பௌர்ணமியைக்கூட விட்டுவிட்டு, கூட்டமில்லாத ஒரு நாள் சாயங்காலம் தொடங்குங்கள். வெறுங்காலோடு நடப்பதுதான் முறை என்று பலர் சொல்வார்கள். சுகர் விளிம்பில் இருக்கிறவர் சூடான தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடப்பதை நான் ஒப்ப மாட்டேன். குறைந்தது கனமான காலுறையாவது போட்டுக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் பாதங்களைக் கழுவித் துடைத்து, கொப்புளம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கையில் தண்ணீரும், ஒரு பொட்டலம் வறுகடலையும் இருக்கட்டும்.

வருகிற ஞாயிறு 50 நிமிடம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். ஹெச்பிஏ1சியோடு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தீர்கள் என்பதையும் சேர்த்து.